மாட்டியாச்சு, மாட்டியாச்சு

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இருக்கும் பர்ஹத் ஒரு மொபைல் ஆப் செய்கிறாள். பட்டாசுக் கம்பெனிகளில் தினமும் வேலை தொடங்கும் முன் போர்மேன் ஒவ்வொரு அறையின் சாதனங்களையும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. அந்த அறையில் அன்று வேலை கிடையாது. அதன் கேள்விகளை நல்ல தமிழில் திருத்தித் தரச் சொன்னாள்.

ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். 'மருந்து அறை வாசலில் உள்ள செம்புத் தகட்டின் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா?'

உள்ளே போகிறவர்கள் அந்தத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தகட்டிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து மண்ணுக்கும் இறங்கிவிடும். இறங்காவிட்டால், உள்ளே இருக்கும் வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும்.

"என்ன சார், கேள்வியில தப்பு இருக்கா?"

"இல்லை."

இந்தக் கேள்வியை ஏன் சேர்த்தாள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் இது.

2

முதல் தொடக்கம்: அன்று காலை எம். புதுப்பட்டியில் கேட்ட சத்தத்தில் கொக்குகள் கண்மாயை விட்டு

(வேண்டாம். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதினாலே எல்லாரும் அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: ஆப்பைக் காட்டப் போன பர்ஹத்தைக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பெத்தணன் மறித்தார்.

"போனைப் பெட்டியில போட்டுட்டுப் போங்கம்மா."

"ஆப்பைக் காட்டத்தான் வந்திருக்கேன்."

"ஆப்பு தாராளமா உள்ள போகட்டும். போனு மட்டும் இங்கன இருக்கட்டும்."*

* மருந்து இருக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பர்ஹத்துக்கு இது தெரியாதா என்று கேட்டேன். "சின்னப் புள்ளையிலயே தெரியும் சார். ஆப் வரையும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரலை."

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போர்மேன் அய்யாதுரை எல்லா அறைகளையும் சுற்றிப் பார்ப்பார். கேட்டுக்குத் திரும்பி வந்து, போனை எடுத்து, பார்த்ததை நினைத்து நினைத்து அமுக்குவார்.

3

ஒரு விடுமுறை நாளில் அய்யாதுரை பர்ஹத்தை உள்ளே கூட்டிப்போனார். மருந்து அறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். தகடு மட்டும் தனியே ஜொலித்தது. கீழே கம்பி இல்லை.

"வெள்ளையடிக்கயில கழத்துனோம்மா. தகட்டைப் புளி போட்டுத் தேச்சு மாட்டிட்டோம். எப்பிடி மின்னுது பாருங்க!"

"கம்பி எங்கண்ணே? நேத்து பச்சை போட்டிருக்கீங்களே?"

அய்யாதுரை தலையைச் சொறிந்தார். "கேட்டுக்கு வந்து அமுக்கயில தகடுதாம்மா கண்ணுக்குள்ள நிக்குது. நாளைக்கே மாட்டிருவோம்."

மறுநாள் காலை பர்ஹத்தின் திரையில் அந்த அறை பச்சை காட்டியது. போன் செய்து கேட்டாள். 'மாட்டியாச்சு, மாட்டியாச்சு' என்றார் அய்யாதுரை.

"ரெண்டு தடவ சொன்னாரு சார். ஒரு தடவ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

4

இங்கேதான் எனக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். பாண்டிமீனா என்று பெயர் வைத்தேன். பர்ஹத் போன் பேசிக்கொண்டிருந்த அதே காலையில், அதே அறை வாசலுக்கு வருகிறாள். கம்பி மாட்டியிருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. மாட்டாமல் இருந்தால்

(இவள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் மிகவும் துணிச்சலாக இருந்தாள், முதலாளியிடமே பேசினாள். தீபாவளி சீசன் நேரத்தில் யார் அப்படிப் பேசுவார்கள்? அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

இப்போது அவளிடம் ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. தகட்டைத் தொட்டதும் அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த அறையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். சாமியைத் தொடுகிறவர்கள் சாமிக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை. கம்பி இல்லாத நாட்களிலும் தொட்டு, ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார்கள்.

5

முடிவுகள்.

(அ) நீங்கள் எதிர்பார்ப்பது. பாதி எழுதினேன். என் வாக்கியங்கள் அதில் கொஞ்சம் உற்சாகமாக இருந்தன. கிழித்துவிட்டேன்.

(ஆ) கம்பி மாட்டப்பட்டிருந்தது. பாண்டிமீனா சாயங்காலம் வேனில் ஏறி, சன்னலோரம் இடம் கிடைக்காமல் முணுமுணுத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். பர்ஹத் இந்த முடிவுக்காகத்தான் ஆப் செய்கிறாள். நானோ, ஏதாவது நடந்தால்தான் கதை என்று பழகியவன். எதுவும் நடக்காமல் இருப்பதற்காக ஒருத்தி இவ்வளவு உழைப்பது எனக்கு விநோதமாகவும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

(இ) பாண்டிமீனா தகட்டை நோக்கிக் கை நீட்டுகிறாள். என்ன தோன்றியதோ, தொடாமல் குனிகிறாள். தகட்டின் அடி தெரியாதபடி சுண்ணாம்பும் மண்ணும் புதிதாகக் குவிந்து காய்ந்து கிடக்கின்றன. விரலால் கிளறுகிறாள். பின்னால் மற்ற பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

"ஏட்டி மீனா, என்னத்தத் தொலைச்ச?" என்கிறாள் குருவம்மாள்.

"கம்பி இருக்கான்னு பாக்கேன்க்கா."

"பாக்க வேண்டியவுக பாத்துட்டாக. பச்சையின்னு வந்துருச்சாம்லா."

"அவுக எங்க பாத்தாக?"

"அப்ப நீ உக்காந்து பாத்துக்கிட்டே இரு. எனக்கு அம்புட்டு வேலை கெடக்கு, வழிய விடு."

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பர்ஹத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதை எழுதாமல் விட்டால் பாண்டிமீனாவை வாசலிலேயே உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். குருவம்மாளை யோசிக்கவில்லை. பாண்டிமீனாவின் தலைக்கு மேலாக அவள் தகட்டை நோக்கிக் கை நீட்டுகிறாள்.

[அடுத்த வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால், அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவதற்குள் எழுதுங்கள்.]