சாம்பிராணி அல்ல, சுர்பி

1

என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. இமயமலைப் பக்கம் குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் அங்கே என்னென்ன வாங்கிச் சாப்பிடலாம் என்று எழுதித் தரவேண்டுமாம். காரம் குறைவாக, வயிற்றுக்குக் கெடுதல் இல்லாமல். கேட்டவர் பத்திரிகைக்காரர். நானோ திருப்பதி மலை ஏறும்போதே வாந்தி எடுக்கிற ஆள். இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது. இப்படி ஆரம்பித்தேன்:

"டார்ஜிலிங்கில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கித் தரவேண்டியது மோமோ. ஆவியில் வெந்தது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். அடுத்தது சுர்பி. பாலைத் திரித்து, பிழிந்து, அடுப்புக்கு மேலே புகையில் காயவிட்டுக் கல்லாக்கிய கட்டி. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் பொழுதெல்லாம் ஊறும். இதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள்—"

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முதன்முதலாகப் பார்ப்பவள் ஒரு தமிழச்சியாக இருந்தால் அதை என்ன செய்வாள் என்று யோசித்தேன். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

அவளை டார்ஜிலிங்குக்கு அனுப்ப மனம் வரவில்லை. குளிரும். ரங்கூனில் வைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ரங்கூனில் யார்தான் இல்லை? இமயமலையையே அவள் பக்கத்து வீட்டுக்கு வரவழைத்துவிடலாம்.

2

முதல் தொடக்கம்: "ஐராவதியின் மேல் மாலைச் சூரியன் தன் பொன்—" வேண்டாம். ரங்கூனில் நான் அவளைக் குடிவைத்த அலோன் துறையை ஒட்டி ஓடுவது ஐராவதி அல்ல. ஊர் தெரிந்தவர்கள் உதைக்க வருவார்கள்.

இரண்டாவது: "சிவகாமசுந்தரி அழுதுகொண்டிருந்தாள்." பொய். அவள் அழுகிற ஜாதி இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது: சிவகாமசுந்தரிக்கு ரங்கூனில் பேச ஆளில்லை.

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

அவள் புருஷன் சபாபதி அலோன் படகுத்துறையில் மேஸ்திரி. விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். மகள் தனபாக்கியத்துக்கு ஐந்து வயது. கப்பலை விட்டு இறங்கிய கொஞ்ச நாளிலேயே அவள் எதிர்வீட்டு டோ மியாவின் வாத்துகளோடு பர்மியத்தில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். (டோ என்பது அங்கே வயதில் மூத்த பெண்களுக்குப் போடும் மரியாதை.) அம்மாக்காரிக்கோ 'கௌங்டே' என்ற ஒரு சொல்தான் தடையில்லாமல் வரும். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். மீன்காரி விலை சொன்னாலும் கௌங்டே, மழை ஒழுகினாலும் கௌங்டே. சாயங்காலம் வரை வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுத் தில்மாயா வாசலில் வந்து நின்றாள். டார்ஜிலிங்காரி. அவள் புருஷன் தேக்கு மரக் கிடங்கில் காவல்காரன். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் பழுப்பாக நாலு கட்டி.

"பாப்பாவுக்கு" என்றாள். தனபாக்கியத்தைக் காட்டிச் சிரித்தாள். தட்டை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடிவிட்டாள்.

(அவர்கள் பேசியது பாதி இந்துஸ்தானி, பாதி பர்மியம், மீதி கைஜாடை. எனக்கு மூன்றும் அரைகுறை. தமிழிலேயே எழுதிவிடுகிறேன், மன்னிக்கவும்.)

3

இனி நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்ல? வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை ஈரத் தலையோடு நிற்கிறாள். தட்டில் இருப்பது பழுப்புக் கட்டி. மோந்து பார்த்தால் லேசாகப் புகை வாசம். கொடுத்தவளும் பிள்ளைக்கு என்று சொல்லியிருக்கிறாள். நீங்களாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சிவகாமி நாலு கட்டியையும் தணலில் போட்டு, கூடையைக் கவிழ்த்து, பிள்ளையின் கூந்தலை அதன்மேல் விரித்துவிட்டாள்.

[குறிப்பு: தலை குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை போடாத தமிழ்த் தாய் அந்தக் காலத்தில் கிடையாது. இதற்கு மேல் விளக்கினால் மறுபடியும் கட்டுரையாகிவிடும்.]

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பால் தீய்ந்த நாற்றமும் ரோமம் கருகிய நாற்றமும் கைகோத்துக்கொண்டு கிளம்பின. தனபாக்கியம் வீறிட்டாள். டோ மியாவின் வாத்துகள் ரோட்டைக் கடந்து ஓடின.

(ஒரு வரைவில் சபாபதியை எடுத்துவிட்டேன். துறைமுகத்தில் கிடக்கிறவனுக்குக் கதையில் என்ன வேலை? ஆனால் இந்த இடத்தில் மூக்கைப் பொத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்குச் சீக்கிரம் வேலை முடிந்ததாக வைத்துக்கொண்டு அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.)

"என்னாடி இது, செத்த எலிக்குத் தீ வச்சியா?"

"சாமி பொருளை அப்பிடிச் சொல்லாதிய. அவங்க ஊரு சாம்பிராணி இப்பிடித்தான் இருக்கும்போல."

"இந்தச் சாம்பிராணிக்கு அந்த ஊரு சாமி எப்பிடி இன்னும் ஊருல இருக்குது?"

இப்போது தில்மாயாவும் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்ன தீயுது பைனி?" பைனி என்றால் தங்கை. இந்த ஊரில் சிவகாமியை யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"பால் பொங்கிருச்சு, திதி" என்றாள். கப்பலில் ஒரு வங்காளத்தி தன் அக்காளைக் கூப்பிடக் கேட்டு வைத்திருந்த சொல் அது.

"பாப்பா அதைத் தின்னாளா? எங்க அண்ணன் அனுப்புனது. வருஷத்துக்கு ஒரு தடவை கல்கத்தா கப்பலில் வரும்."

தின்பதா? சிவகாமிக்கு முழி பிதுங்கியது. வருஷத்துக்கு ஒரு முறை வருவது கூடைக்கடியில் கரியாகிக் கிடக்கிறது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது கௌங்டே.

4

அந்த ஒரு சொல் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

மறுநாள் தில்மாயா கேட்டாள்: "மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"தீந்துபோச்சு."

"நாலுமா? ஒரு ராத்திரியிலேயா?" பெரிய ஆளுக்கே ஒரு கட்டி ஒரு நாள் முழுக்கக் காணும். தில்மாயா தனபாக்கியத்தின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, தமிழ் மேஸ்திரி மகள் கல்லைத் தின்று செரிக்கிறவள் என்று.

இதற்கிடையில் (இந்தப் பகுதியை நான் சந்தோஷத்தோடு எழுதினேன், நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்) இரண்டு வீட்டுக்கும் தட்டுகள் போகவும் வரவுமாக இருந்தன. தில்மாயா துக்பா கொடுத்தாள், குழம்பில் மிதக்கிற மாவு நூல். சிவகாமி இடியாப்பம் கொடுத்தாள். "இதுவும் எங்க துக்பாதான். தண்ணி வத்திப்போச்சு, பாவம்" என்றாள் தில்மாயா. வளையம் வளையமாகச் சுட்ட அரிசி மாவுச் சேல்ரொட்டியைத் தனபாக்கியம் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வழிய வழிய முழங்கைவரை நக்கினாள். பிற்பகலில் இருவரும் ஒரே முறத்தில் கீரை ஆய்ந்தார்கள். தில்மாயா தன் மாமியாரைப் போல நடந்து காட்டினாள். சிவகாமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டுச் சுவர் இப்போது வெறும் சுவராக இருந்தது.

அதனால்தான் பயம் கூடியது. சொன்னால் இந்தச் சிநேகிதம் போய்விடும். அண்ணன் அனுப்பியதை எரித்தாள் என்பதைக்கூட மன்னிப்பாள். அதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மறைத்தாள் என்பதை மன்னிப்பாளா?

"அவகிட்ட சொல்லிருவோமா?" என்று சபாபதியைக் கேட்டாள்.

"என்னைக் கேக்காதே. அன்னைலேருந்து எனக்கு மூக்கே வேலை செய்யலே."

(இவனால் பிரயோஜனம் இல்லை என்று முன்பே சொன்னேன்.)

5

ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பர்மியர்கள் வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றுவார்கள். அலோனில் அந்தத் தெருவில் வாசலில் மேசை போட்டு, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சும்மா சாப்பாடு. டோ மியா வீட்டில் மொஹிங்கா, மீன் சாற்றில் போட்ட சேமியா. தில்மாயாவும் தன் வாசலில் மேசை போட்டாள். முட்டைக்கோஸ் வைத்த மோமோ ஆவி பறந்தது. சேல்ரொட்டி குவிந்து கிடந்தது. நடுவில் தனித் தட்டில் ஒரே ஒரு சுர்பி. கடைசிக் கட்டி. தனக்கென்று எடுத்து வைத்திருந்தது.

"எல்லாரும் வாங்க! என் பைனியோட பொண்ணு இதைத் திங்கப்போறதைப் பாருங்க!"

தெருவே கூடிவிட்டது. தனபாக்கியம் முக்காலி மேல் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

இங்கே எனக்குப் பல முடிவுகள் இருந்தன.

ஒன்று: பிள்ளை அதை நிஜமாகவே கடித்துத் தின்றுவிடுகிறாள். முடியாது. அவளுக்கு முன்பல் ஆடுகிறது.

இரண்டு: சிவகாமி கொடுத்த அப்பளத்தைப் பொரிக்காமல் பச்சையாகவே தின்று, நன்றாயிருந்தது என்று தானும் பொய் சொன்னதாகத் தில்மாயா ஒத்துக்கொள்கிறாள். பொய்க்குப் பொய் சரியாய்ப் போச்சு. அழகான முடிவு, எனக்கும் ஆசைதான். ஆனால் தில்மாயா அப்படிப்பட்டவள் அல்ல. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே துப்பிவிடுவாள். கதை திருத்தமாக முடியவேண்டும் என்பதற்காக அவளை நான் பொய்க்காரி ஆக்கமாட்டேன்.

மூன்று: மழை வந்து கூட்டம் கலைகி— சீ.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிவகாமி முந்திவிட்டாள். பிள்ளையின் வாய்க்குப் போன கட்டியைக் குறுக்கே புகுந்து பிடுங்கினாள்.

"திதி, இவ தின்னவே இல்லை. ஒண்ணைக்கூடத் தின்னலே. நான் நெருப்புல போட்டுட்டேன்."

வார்த்தை அதோடு தீர்ந்தது. மீதியைக் கையால் சொன்னாள். தணலைக் காட்டினாள், கூடையைக் கவிழ்த்தாள், மகளின் முடியை விரித்துக் காட்டினாள், மூக்கைப் பொத்தினாள். தனபாக்கியம் முக்காலியில் ஏறி நின்று எல்லாவற்றையும் கணீரென்று பர்மியத்தில் சொன்னாள். அப்பா சொன்ன எலியையும் விட்டுவிடவில்லை. டோ மியா அதை இந்துஸ்தானியில் கண்ணும் மூக்கும் வைத்துத் தில்மாயாவுக்குச் சொன்னாள்.

"பயமா இருந்துச்சு திதி" என்றாள் சிவகாமி தமிழிலேயே. "இந்த ஊருல எனக்கு நீ ஒருத்திதான். நீயும் பேசாமப் போயிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

தில்மாயா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. பிறகு திரும்பிப் பாராமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, துழாவி, சிவகாமியின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் சிவகாமிக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து எனக்குத் தில்மாயாவின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. சிவகாமிக்கும் அவ்வளவுதான் தெரிகிறது. அவள் மூச்சு விடாமல் நிற்கிறாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது நீங்கள். வாயில் மோமோ இருக்கிறது, பார்த்தேன். விழுங்கிவிட்டு இவளுக்குச் சீக்கிரம் சொல்லுங்கள்: திதி சிரிக்கிறாளா?