ரிவர்ஸில் ஏற வேண்டிய படகு

மலையைச் சுற்றிப் போகும் சாலையில் காலையிலிருந்தே வண்டிகள் நகராமல் கிடந்தன. ஒரு லாரிக்காரரின் வண்டியில் நேற்றுதான் முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சுகள் பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டிருந்தன. போன தடவை இதே நெரிசலில் வெயில் தாங்காமல் பாதிக் குஞ்சுகள் செத்துப்போயின. இன்னொரு முறை அப்படி ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால்தான் மனிதர் முதன்முறையாக ஏரியைக் கடக்கும் படகுத்துறைக்கு வண்டியைத் திருப்பினார்.

வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. படகுக்கு ஒரே வாசல். அக்கரையில் நேராக இறங்க வேண்டுமென்றால் இக்கரையில் ரிவர்ஸில்தான் ஏற வேண்டும்.

முன்னால் ஓட்டுவதில் அவர் சூரர்தான். ரிவர்ஸ் மட்டும் வரவே வராது. கிளீனர் பின்னால் நின்று சொன்னால் எப்படியோ சமாளிப்பார். இன்று கிளீனர் லீவு. "எங்க மாமா ரிவர்ஸ் கியர் இல்லாமப் பொறந்தவரு" என்று சொந்தக்காரர்கள் நடுவே மைத்துனன் போட்டு உடைத்ததில்தான் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அவனும் லாரி ஓட்டுபவன். இன்று அவன் வண்டி சரியாக அவருக்குப் பின்னால் நின்றது. போதாதா?

முதல் தடவை ஓரக் கம்பியில் உரசினார். அடுத்த தடவை சக்கரம் சரிவை விட்டு இறங்கப் பார்த்தது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"ஓட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்குய்யா வர்றீங்க?" என்று படகுக்காரர் கத்தினார்.

அவமானத்தில் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது வண்டியின் தகரத்தை யாரோ தட்டினார்கள். மைத்துனன்!

"சைடு கண்ணாடி ஆடுதுங்க, பின்னால எதுவும் தெரியல. அவரு என்ன பண்ணுவாரு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொன்னான். கண்ணாடி கிண்ணென்று இருந்தது.

பிறகு படகில் ஏறி நின்றான். "மாமா, தலையை வெளிய நீட்டி என் கையை மட்டும் பாருங்க. வரட்டும்... வரட்டும்... லெஃப்டுல ஒடிங்க... இன்னும் கொஞ்சம்... போதும்!"

வண்டி ஏறிவிட்டது. ஆனால் மைத்துனன் தன் வண்டிக்கு ஓடுவதற்குள், மிச்சமிருந்த ஒரே இடத்தில் ஒரு டேங்கர் புகுந்துகொண்டது. சங்கிலியைப் போட்டார்கள். படகு நகர்ந்தது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் சிரித்தபடி நின்றான்.

லாரிக்காரர் இறங்கிப் பெட்டிகளைப் பார்த்தார். ஏரிக்காற்று பட்டுக் குஞ்சுகள் அடங்கியிருந்தன. இத்தனை உயிரும் பிழைத்தது அவனால். தன் பிழைப்பு தப்பியதும் அவனால். படகின் விளிம்புக்குப் போய், அத்தனை டிரைவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"கண்ணாடி நல்லாத்தாண்டா இருக்கு, மாப்ள! எனக்குத்தான் ரிவர்ஸ் வராது! நீ அன்னிக்குச் சொன்னது நிஜம்தான்! சாயங்காலம் நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு!"