ஆஞ்சலாவின் ஒரு வரி

முப்பது நொடிக்கு மேல் அந்த போர்டு உயிரோடு இருந்ததில்லை. கரன்ட் கொடுத்தால் அதை இயக்குகிற லினக்ஸ் எழுந்து வரும், லேப்டாப் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடும், கடைசியில் லாகின் கேட்கும். ஆஞ்சலா பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் எல்லாம் அடங்கிப்போகும். திட்டுவதற்குக்கூட நேரம் கொடுக்காத சாவு. பதினோரு வாரமாக இதே கூத்து.

பெங்களூர் பீன்யா இரண்டாவது ஸ்டேஜில், கீழே லேத் பட்டறையும் மேலே அவர்களுடைய கம்பெனியும். குளிர்கிடங்குகளுக்கு கன்ட்ரோலர் செய்கிற சின்ன இடம். உள்ளங்கையில் அடங்குகிற ஏஆர்எம் கம்ப்யூட்டர் போர்டுகளை சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்திருந்தார் முதலாளி சீனிவாசராகவன். விற்றவன் கொடுத்த லினக்ஸ் அரதப் பழசு. அதன் சோர்ஸ் கோடைக் கேட்டால் சிரிக்கிற பொம்மையைப் பதிலாக அனுப்புவான். புது லினக்ஸை அந்த போர்டில் ஓடவைப்பது ஆஞ்சலாவின் வேலை. துணைக்குச் சீன மொழியில் ஒரு பிடிஎஃப், மூன்று ஒயர், ஒரு மல்டிமீட்டர். பெரிய கம்பெனிகளில் இந்த வேலைக்கு ஆறு பேர் இருப்பார்கள். அந்த ஆறு பேருக்கு காபி கொண்டுவர ஏழாவதாக ஒருவரும் இருப்பார்.

பன்னிரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மல்டிமீட்டர் முனையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் சரியாக முப்பதாவது நொடியில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழுந்தது. விஷயம் விளங்கிவிட்டது. போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்ல ‘டிவைஸ் ட்ரீ’ என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் சொல்லப்படாத மின்வழி எதையும், யாருக்கும் வேண்டாததென்று நினைத்து, முப்பது நொடி பொறுத்திருந்து லினக்ஸ் அணைத்துவிடும். உள்ளே ஆள் குளித்துக்கொண்டிருப்பது தெரியாமல் வெளியே சுவிட்சை அணைக்கிற வீட்டுக்காரர் மாதிரி. அணைக்கப்பட்டது மெமரிக்குப் போகிற வழி. ‘எப்போதும் எரியட்டும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். லாகின் வந்தது. பாஸ்வேர்டை அடித்தாள். முப்பத்தொன்று, நாற்பது, ஒரு நிமிஷம். போர்டு சாகவில்லை. கீழே லேத் அலறுகிற தைரியத்தில் ஆஞ்சலா வாய்விட்டு அழுதாள்.

சீனிவாசராகவன் வந்து பார்த்து, “வெரி குட், வெரி குட்” என்று இரண்டு தடவை சொன்னார். மறுவாரம் அந்த வேலை முழுவதும், எதை யார் எழுதினார்கள் என்று உலகமே பார்க்கிற லினக்ஸின் பொதுப் பதிவுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் சீனிவாசராகவன். கடைசியில் சின்னதாக, சோதித்துப் பார்த்தவர் ஆஞ்சலா.

இது பெயர் ஆசை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அந்த உலகம் தெரியாது என்று அர்த்தம். முந்தின வருஷம் ரிங் ரோடு பக்கம் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவில் அவளுடைய சர்ட்டிஃபிகேட்டை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க பேர்ல வந்த கோட் எங்க இருக்கு, ஒண்ணு காட்டுங்க” என்றார்கள். காட்ட ஒன்றும் இல்லை. ஏழு வருஷ உழைப்பு இன்னொருவர் பெயரில் இருந்தது. லிஃப்டில் இறங்கும்போது அவளுக்கு ஏற்பட்டது வருத்தமில்லை, அசிங்கம்.

சீனிவாசராகவனிடம் கேட்டேவிட்டாள். “சார், அந்த பவர் விஷயம் நான் கண்டுபிடிச்சது. என் பேர்ல போட்டிருக்கலாமே சார்?”

“போட்டிருக்கேனேம்மா, கீழ பாரு. டெஸ்ட் பண்ணினது நீன்னு கௌரவமா போட்டிருக்கேன்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கம்பெனின்னா ஒரு முகம் இருக்கணும். நாலு பேர் பேரு வந்தா வெளில இருக்கறவாளுக்குக் குழப்பம். அடுத்த தடவை பாக்கலாம்.”

கம்பெனியின் சொந்தப் பதிவிலும் அதே வழக்கம்தான். ஆஞ்சலா எழுதியது அவர் கம்ப்யூட்டர் வழியாகப் போகும்; மறுபக்கம் வரும்போது அவருடையதாகியிருக்கும்.

வீடு காக்ஸ் டவுனில். அம்மா போன பிறகு அப்பாவும் மகளும் மட்டும். அப்பா அலெக்சாண்டர் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேனாகி, இப்போது மூன்றாவது அபார்ட்மென்ட். மகள் செய்கிற வேலை என்னவென்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பளிச்சென்று புரிந்தது, அதுதான் வாட்ச்டாக்.

“போர்டு சில சமயம் உறைஞ்சு நின்னுடும்ப்பா. அதுக்குன்னு உள்ள தனியா ஒரு டைமர் இருக்கும். லினக்ஸ் அதை அப்பப்ப தொட்டுகினே இருக்கணும். தொடலைன்னா ஆள் அவுட்டுன்னு அதுவே போர்டை அணைச்சு மறுபடி எழுப்பிடும்.”

“அட, நம்ம பஞ்ச் மிஷினு!” என்றார் அப்பா. ராத்திரி ரவுண்டில் மணிக்கொரு தடவை ஒவ்வொரு மூலையிலும் மாட்டியிருக்கிற பெட்டியில் அவர் கார்டைக் காட்ட வேண்டும். தவறினால் சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும். “பஞ்ச் வுழலன்னா வாட்ச்மேன் தூங்கிட்டான்னு அர்த்தம். அது இல்லாத பில்டிங்ல நான் வேலைக்கே போகமாட்டேம்மா. நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா எவன் நமக்கு சாட்சி?”

ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணை வைத்திருக்கிற கோவிந்தன் டெமோ பார்க்க வந்தது ஆகஸ்ட் மாதம். புது கன்ட்ரோலருக்கு முதல் வாடிக்கையாளர். திரையில் நாலு டிகிரி என்று அழகாகத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் திரை கறுத்து, இருபது நொடியில் திரும்பி வந்தது. இன்னும் கால் மணியில் மறுபடி. திரையை இயக்குகிற புரோகிராமில், டிஸ்ப்ளே டிரைவரில், எங்கோ கோளாறு. அதனால் போர்டு உறைய, வாட்ச்டாக் தன் கடமையைச் செய்து போர்டை எழுப்பிக்கொண்டிருந்தது.

“இன்னா சார் இது, மயக்கம் போட்டுப் போட்டு எழுந்துக்குது?” என்றார் கோவிந்தன்.

சீனிவாசராகவன் சிரித்தார். காபி வரவழைத்தார். ஆஞ்சலாவை வெளியே அழைத்துப் போய், “அந்த வாட்ச்டாக்கை ஆஃப் பண்ணு” என்றார்.

“சார், கோளாறு டிரைவர்ல. இதை ஆஃப் பண்ணா நின்னது நின்னபடியே இருக்கும்.”

“டெமோவுக்கு மட்டும்தான். சொன்னாக் கேளு.”

டிவைஸ் ட்ரீயில் ஒரு வரியை மாற்றினாள். கூடவே குறிப்பும் எழுதினாள்: ‘வாட்ச்டாக் நிறுத்தப்பட்டது. டெமோவுக்கு மட்டும். வெளியே அனுப்பக் கூடாது.’ அதன் பிறகு திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. உறைந்திருந்தாலும் யாருக்குத் தெரியும்? நாலு டிகிரி என்று காட்டியபடியேதான் உறைந்திருக்கும். கோவிந்தன் திருப்தியாகத் தலையாட்டி, நாலு கிடங்குக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கம்பெனிப் பதிவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து கீழ்வரை சீனிவாசராகவன், சீனிவாசராகவன் என்று போகிற பட்டியலின் உச்சியில், எழுதியவர் என்ற இடத்தில் ஆஞ்சலா அலெக்சாண்டர். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாரே, பார்த்துவிட்டார்! மனுஷர் மோசமில்லை என்றுகூட நினைத்தாள். குறிப்பில் ‘வாட்ச்டாக் நிறுத்தப்பட்டது’ என்பது மட்டும் இருந்தது. மற்ற இரண்டு வாக்கியங்களைக் காணவில்லை. கண்ணில் படாமல் இல்லை, பட்டது. நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள். போனில் போட்டோ எடுத்தாள். எழுதியது பதிவில் சேர்ந்ததும் தன்னிடமிருக்கிற பழைய பிரதியை அழித்துச் சுத்தம் செய்வது அவள் பழக்கம்; வழக்கம்போல் அதையும் செய்தாள்.

அப்பாவிடம் காட்டினாள். “இதுல என் பேரு இருக்குது பாருப்பா.”

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். “என் பேரும் இருக்குதே!” என்றவர் அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கி, அதை வால்பேப்பராக வைத்துத் தரும்படி அவளிடமே சொன்னார். கேட்டருகே நிற்கிற கார் டிரைவர்களுக்கும், பால் வாங்கப் போகிற ஃபிளாட்காரர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தவர்களுக்கும் காட்டினார்.

இதற்குப் பிறகு ஆஞ்சலா செய்ததை, அல்லது செய்யாததை, மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அந்த வரியைத் திரும்ப மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் மாற்றினால் அது சீனிவாசராகவன் வழியாகப் போகும், அந்த இடத்தில் அவர் பெயர் ஏறிவிடும். அவ்வளவு பெரிய ஃபைலில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வரி. முதலில் டிரைவரைச் சரிசெய்துவிடுவோம், பிறகு மாற்றலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை மாடிப்படியில், “சார், அந்த வாட்ச்டாக்…” என்று ஆரம்பித்தாள். அவர் போனில் இருந்தார், கையை ஆட்டினார். மெயில் போட்டிருக்கலாம். போட்டால் புகார் மாதிரி இருக்குமே என்று போடவில்லை. டிரைவருக்கு நேரம் கிடைப்பதற்குள் நவம்பரில் பெட்டிகள் ஓசூருக்குப் போய்விட்டன.

பிப்ரவரி முதல் வாரம், காதலர் தினத்துக்காக வெட்டி அடுக்கிய ரோஜா மொத்தமும் கிடங்கில் இருந்தபோது, மூன்றாவது கிடங்கின் கன்ட்ரோலர் உறைந்தது. குளிரூட்டுகிற கம்ப்ரஸர் அணைந்திருந்த நேரம் பார்த்து உறைந்ததால், அணைந்தது அணைந்தபடியே இருந்தது. திரை மட்டும் ஒன்றரை நாள் நாலு டிகிரி என்று சாதித்துக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்தவர் நாலு டிகிரியைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிவைத்திருந்தார். கதவைத் திறந்தபோது வந்த வாடையை கோவிந்தன் விவரித்ததை இங்கே எழுத முடியாது.

அவர் பீன்யாவுக்கு வந்து உட்கார்ந்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. சீனிவாசராகவன் புரொஜெக்டரைப் போட்டு டிவைஸ் ட்ரீயைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்று இடது ஓரத்தில் பெயர் போட்டுக் காட்டுகிற வசதி அந்தப் பதிவில் உண்டு. சுவரில் அவர் பெயர் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கியது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“நான் யாரையும் குத்தம் சொல்லலை. ரெக்கார்டு என்ன சொல்றதோ அதைத்தான் காட்டறேன்.”

ஆஞ்சலா தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட், டெமோ நடந்த அதே நாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்குப் புதிதாகச் செய்த தந்திரமில்லை இது. நல்லதையெல்லாம் தன் பெயரில் எடுத்துக்கொண்ட மனுஷர், இதை மட்டும் அன்றைக்கே பத்திரமாக அவள் பெயரில் விட்டுவைத்திருக்கிறார். அதைத்தான் பரிசு என்று நினைத்து அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, இது உன் பேருதானா?” என்று கேட்டார் கோவிந்தன்.

“ஆமா சார். ஆனா சார்தான் டெமோவுக்குன்னு ஆஃப் பண்ணச் சொன்னாரு. அனுப்பக் கூடாதுன்னு நான் எழுதியிருந்தேன்.”

“எங்க எழுதியிருக்கே, காட்டேன்” என்றார் சீனிவாசராகவன், மிகவும் சாந்தமாக.

காட்ட ஒன்றும் இல்லை. மறுபடியும் இல்லை.

கோவிந்தன் விடவில்லை. “சரி, அதை எடுத்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். எடுத்தது உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. “அன்னிக்கே தெரியும் சார்.”

“அன்னிக்கே தெரிஞ்சும் ஆறு மாசமா ஏன் சும்மா இருந்தே?”

அதற்கான பதில் அவளிடம் இருந்தது. அதை அந்த அறையில் சொன்னால் சிரிப்பார்கள். ரோஜாவைப் பறிகொடுத்தவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர்மேல் வந்தது. எல்லோரையும்விட அதிகமாகத் தன்மேல் வந்தது.

“நீயே ரிசைன் பண்ணிட்டா உனக்கு நல்லதும்மா. உன்மேல குத்தம்னு நான் ஒண்ணும் எழுதமாட்டேன்” என்று பெரிய மனசோடு முடித்துவைத்தார் சீனிவாசராகவன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்றாள். அவர் யூனிஃபார்ம் பெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். ரோஜா அழுகிய கதை முழுவதையும் கேட்டு முடித்தபின் போனை எடுத்து வால்பேப்பரைப் பார்த்தார்.

“நம்ம பேருக்குப் பக்கத்துல இருக்குதே, அது இன்னா சொல்லுதுன்னு நான் கேக்கவே இல்ல பாரு.”

“வாட்ச்டாக் நிறுத்தினதுன்னு போட்டிருக்குதுப்பா.”

அலெக்சாண்டருக்கு அந்த உலகத்தில் புரிந்த ஒரே விஷயம் அதுதான். “பஞ்ச் மிஷினையா எடுத்தே?” என்றார்.

“சார் எடுக்கச் சொன்னாரு.”

“அவரு சொன்னாரு, சரி. அப்பால ஏம்மா திரும்ப வெக்கல?”

“வெச்சிருந்தா என் பேரு போயிருக்கும்ப்பா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து பெல்ட்டை மாட்டி, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். வால்பேப்பரை மாற்ற அவருக்குத் தெரியாது. போனை அவளிடம் நீட்டினார்.

“மாத்திக் குடும்மா.”

“என்ன வெக்கட்டும்ப்பா?”

“எதனா வை.”

போனோடு வந்த படங்களில் ஏதோ ஒரு மலையைத் தேடி எடுத்து வைத்துக்கொடுத்தாள். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏழு மணி பஞ்சுக்குப் புறப்பட்டார்.