கொல்லப்பட்டோர் எண்ணிக்கை: பதினொன்று

பதக்கம் வாங்குவதற்கும் ஒத்திகை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அரங்கத்தில் நாற்காலிகளின் முதுகில் எண் ஒட்டியிருந்தார்கள். நாளை நாட்டின் தலைவர் நிற்கப்போகும் இடத்தில் ஒரு சிப்பாய் வெறும் பெட்டியுடன் நின்றான். நாங்கள் ஆறு குடும்பத்தார். போரில் செத்தவர்களின் மனைவிகள், தாய்மார்கள், ஒரு தகப்பனார். ஏழு அடி நடக்க வேண்டும், வாங்க வேண்டும், திரும்ப வேண்டும். அழக் கூடாது, பேசக் கூடாது. பதினாறு வருஷமாகப் பஸ்ஸில் கண்டக்டராக நின்று தொண்டை கிழியக் கத்துகிறவளிடம் பேசக் கூடாது என்கிறார்கள்!

விழா அதிகாரி ஆளுக்கொரு சின்னக் கொக்கி கொடுத்தார்.

"இத உங்க உடுப்புல இடது பக்கம் தைச்சுட்டு வந்துடுங்க மேடம். தலைவர் பதக்கத்த இதுல மாட்டி விட்டுடுவாரு. தலைவர் ஊசி குத்த இடம் தேடித் தடவிக்கிட்டு நின்னா டிவில நல்லா இருக்காது."

சரி என்று வாங்கிக்கொண்டேன். அதற்குள் மேடையோரம் ஒருவர் பாராட்டுரைகளை வாசித்துப் பழக ஆரம்பித்தார். மூன்றாவது என் வீட்டுக்காரருடையது. "எதிரியின் அரணை நோக்கித் தனியொருவராகப் பாய்ந்து, பதினொரு எதிரிகளைக் கொன்று, வீரமரணம் எய்தினார்."

அத்தை என் முழங்கையைப் பிடித்தார். "யாரச் சொல்றாங்க?"

"உங்க பிள்ளையத்தான் அத்தை."

"அவனா? கரப்பான்பூச்சியக் கூட அடிக்க மாட்டானே! தொடப்பத்தால தள்ளி வெளிய விட்டுட்டு வருவானே!"

அவர் ராணுவத்தில் லாரி டிரைவர். கொடுத்த துப்பாக்கி சீட்டுக்குப் பின்னால் அழுக்குத் துணியோடு கிடக்கும். கடைசி நாளன்று, காயம்பட்டு வெட்டவெளியில் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு மூன்று நடை வந்தார். நாலாவது நடை போகும்போது வண்டிமேல் குண்டு விழுந்தது. மூன்று நடையில் அவர் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவனை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கால் போய், கட்டை ஊன்றி நடக்கிறான். இந்த விவரமெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒத்திகைக்கும் எங்களோடுதான் வந்திருந்தான். மூவருமாக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தோம்.

"அவரு ஒருத்தரையும் கொல்லல சார். பதினொரு பேரக் காப்பாத்தினாரு," என்றேன்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். முகம் சுருங்கிப் போயிற்று. கெட்ட மனிதர் அல்ல, மறைக்கவும் இல்லை.

"படிவத்துல எண்ணிக்கை போட ஒரே கட்டம்தான் மேடம் இருக்கு. 'கொல்லப்பட்ட எதிரிகள்'னு. காப்பாத்தினவங்களுக்குத் தனியா இடம் கிடையாது. கிளார்க் பதினொண்ணுன்னு பாத்தாரு, இருந்த கட்டத்துல போட்டுட்டாரு. மேல இருக்கிறவங்க அதுக்கேத்த மாதிரி உரை எழுதிட்டாங்க."

நெட்டை கட்டையை ஊன்றி நிமிர்ந்தான். "அப்போ கணக்குப்படி நான் செத்துட்டேனா சார்?"

"கிண்டல் பண்ணாதீங்க தம்பி."

"கிண்டல் இல்ல சார். வீட்டுல பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "திருத்திக் குடுங்க," என்றேன்.

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "திருத்தினா நடந்தது முழுக்க எழுதணும். ரெண்டு நடையோட நிறுத்தச் சொல்லி உத்தரவு. அவரு மீறிப் போயிருக்காரு. மீறினவருக்குப் பதக்கம் கிடையாது. இப்படியே விட்டுடுங்க மேடம். நல்ல பேரோடதான போறாரு."

"மூணாவது நடையிலதான் சார் நான் வந்தேன்," என்றான் நெட்டை. அதிகாரி கோப்பை மூடி மேசை டிராயருக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பதக்கம் வேணுமா அத்தை?"

அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே யோசித்தார். "அவன் செஞ்சதுக்குக் குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கலாம். எவனோ எழுதின கொலைக்கு நாம எதுக்குப் போய் நிக்கணும்?"

எனக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. தப்பை எழுதியது அவர்கள், வாயை மூடிக்கொள்ள வேண்டியது நானா? அந்தக் கொக்கியை நான் தைக்கவில்லை.

மறுநாள் ஏழு அடி சரியாக நடந்து தலைவர் முன்னால் நின்றேன். பதினொரு பேரைக் கொன்ற உரையை அழுத்தம் திருத்தமாக வாசித்து முடித்தார்கள். தலைவர் பதக்கத்தை எடுத்து என் தோளுக்குக் கீழே தேடினார். சில்லறை தேடும் பயணியைப் போல முழித்தார்.

"கொக்கி எங்கம்மா?" என்றார் உதடு அசையாமல்.

"தைக்கல ஐயா."

அவர் கை அந்தரத்தில் நின்றது. மேடையில் யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்படி ஒன்றுக்கு அவர்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. நான் அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினேன். பஸ்ஸின் முன்படியிலிருந்து கடைசி சீட்டு வரை எட்டுகிற குரல் என்னுடையது, மைக் தேவைப்படவில்லை.

"என் வீட்டுக்காரர் யாரையும் கொல்லல! பதினொரு பேரக் காப்பாத்தினாரு. போதும், நிறுத்துன்னு சொன்னதுக்கு அப்புறமும் போய்க் காப்பாத்தினாரு. அத எழுதி வாசிங்க, வந்து வாங்கிக்கிறேன்."

வெறுங்கையோடு ஏழு அடி திரும்பி நடந்தேன். யாரும் கை தட்டவில்லை. ஆனால் அடுத்து அழைக்கப்பட்ட அந்தத் தகப்பனார் மேடை ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு, வாசிப்பவரைப் பார்த்துச் சொன்னார்: "என் பையனோடத முதல்ல நிதானமாப் படிங்க. சரியா இருந்தா மேல வரேன்."

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஒரே கேள்வி. 'மறைந்த தங்கள் கணவர் மேலதிகாரியின் உத்தரவை மீறினார் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை. ஆம் எனில் பதக்கத்துக்கான பரிந்துரை ரத்து செய்யப்படும்.' கீழே சாட்சிகளுக்கென்று ஒரு கோடு.

'இல்லை' என்பதை வட்டமிட்டால் பதக்கம் வீடு தேடி வந்துவிடும். ஒரு தெருவுக்கு அவர் பேரை வைப்பார்கள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அந்த மீறல்தான். அதை நானே இல்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோடு அந்தத் தெருவில் நடப்பேன்? 'ஆம்' என்பதைச் சுற்றிப் பேனாவை அழுத்தி வட்டமிட்டதில் காகிதம் லேசாகக் கிழிந்தது.

"சாட்சிக் கோட்ட நான் பாத்துக்கிறேன் அக்கா," என்று நெட்டை அதை வாங்கிக்கொண்டு போனான். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. ஊர் ஊராகப் பஸ் ஏறி இறங்கி, கட்டை தேய்ந்து, தாடியோடு வந்து சேர்ந்தான். கோட்டில் இடம் போதாமல் ஓரமெல்லாம் கையெழுத்து. ஒன்று இடது கையால் புதிதாக எழுதிப் பழகியவனுடையது; கோணல்மாணலாக இருந்தது. எண்ணினேன், பதினொன்று. எல்லாவற்றுக்கும் மேலே அவர்கள் சேர்ந்து எழுதிய ஒரு வரி இருந்தது.

'மீறித்தான் வந்தார். கீழ்ப்படிந்திருந்தால் இதில் கையெழுத்துப் போட நாங்கள் இத்தனை பேர் இருக்க மாட்டோம்.'

அத்தை அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பு," என்றார்.