வட்டத்தின் மேல் ஒரு சாய்கோடு

சுருளிராஜன் புதன்கிழமை காலை பத்தே காலுக்குத் தன் தங்கையைக் கொன்றார். ஆயுதம், சாக்பீஸ். பதினோரு வருஷமாகப் பேட்சுக்கு ஒரு தடவை கொன்றுகொண்டுதான் இருந்தார். இந்தத் தடவைதான் வகுப்பில் சாட்சி உட்கார்ந்திருந்தது.

தேனியில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் அவர் மானிடவியல் வாத்தியார். மாணவர்கள் ஏழு பேர், மின்விசிறி இரண்டு, அதில் ஓடுவது ஒன்று. அன்றைய பாடம் உறவுமுறை வரைபடம். முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி கல்யாணம், குறுக்கே சாய்கோடு விழுந்தால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. உதாரணத்துக்குத் தன் குடும்பத்தையே வரைவார்; அடுத்தவன் குடும்பத்தை வரைந்தால் அடிக்க வருவான். இறந்துபோன அப்பா ஒச்சாண்டியின் முக்கோணத்தில் நியாயமாக ஒரு கோடு. அதே வேகத்தில் கை கீழே இறங்கி ஜோதிலட்சுமியின் வட்டத்திலும் ஒரு இழுப்பு.

ஜோதி சாகவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்டோபரைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். தேவாரத்து வீட்டில் அப்பா அவளைத் தலைமுழுகினார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று சுருளிராஜனும் முழுகினார். எந்தப் பண்பாட்டையும் அதற்குள்ளிருந்து பார்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று பரீட்சையில் ஆறு பக்கம் எழுதி, முதல் வகுப்பு வாங்கிய வருஷம் அது.

"சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஜெஸ்லின். "செத்தவுகளுக்குப் பிள்ளை பொறக்குமா?"

"சாகுறதுக்கு முந்தியே பெத்திருப்பாகம்மா."

வகுப்பு சிரித்தது. சிரிக்க வைப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கற்பித்தல் முறை.

"நான் கோடு விழுந்ததுக்கு அப்புறம் பொறந்தேன் சார்."

எழுந்து வந்து அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். ஜோதியின் வட்டத்துக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, ஒரு முக்கோணம் வரைந்து, கிறிஸ்டோபர் என்று எழுதினாள். அங்கிருந்து ஒரு கோட்டைக் கீழே இறக்கி, சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். "இது நான்."

மருமகளை முதன்முதலாகப் பார்க்கிற தாய்மாமன் எத்தனையோ சொல்லலாம். சுருளிராஜன் சொன்னது இது: "கரெக்ட். ரெண்டு மார்க்."

வகுப்பு முடிந்து படிக்கட்டில் அவளை மறித்தார். அவர் பேரைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தாளாம். தை மாதம் அவளுக்குக் கல்யாணமாம்.

"கல்யாணத்துல உனக்கு மாலை நான் போடணும்மா. தாய்மாமன் மொறை."

"அத அம்மாட்ட கேளுங்க சார்." சார் என்றுதான் சொன்னாள்.

தாய்மாமன் உரிமை பற்றி ஒவ்வொரு பேட்சுக்கும் நாற்பது நிமிஷம் பேசுகிறவர் அவர். பிள்ளை சமைந்தால் பச்சை ஓலையில் குடிசை கட்டுவது, கல்யாணத்தில் மாலை போடுவது எல்லாம் மனப்பாடம். இதுவரை ஒரு ஓலையைத் தொட்டதில்லை. இந்த ஒரு மாலையாவது கிடைக்குமா என்று கேட்க, சனிக்கிழமை போடி பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பஸ் நிலையத்தில் கண்ணில் பட்ட வடுகபட்டிப் பூண்டு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார். எந்தத் தாய்மாமனும் பூண்டோடு சீர் கொண்டுபோனதாக அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"வாங்க மச்சான்," என்றார் கிறிஸ்டோபர், நேற்றும் வந்துபோன ஆளைப் போல. "வெயிலு எப்பிடி அடிக்குது பாத்தீகளா."

"ஜோதி கோவமா இருக்கா?"

"குக்கர் ரிப்பேருக்கு வர்றவுககூட கோவமாத்தான் மச்சான் வர்றாக. உக்காருங்க."

கடை மூலையில் தரையில் உட்கார்ந்து அண்டாவுக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்த வயசாளி ஒருவர், எழுந்து தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டார். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பச் சணலைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து ஜோதி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்க," என்றாள். அண்ணன் என்ற சொல் அதில் இல்லை. விளிச்சொல்லைத் தவிர்ப்பது எதைக் காட்டுகிறது என்பதற்கு அவரிடம் தனியாக நோட்ஸே இருந்தது.

பூண்டை நீட்டினார். வாங்கி, முகர்ந்து பார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா செத்தன்னைக்கு," சுருளிராஜன் ஆரம்பித்தார், "நம்ம ஊரு பஸ் ஸ்டாப்புல மாலையோட ஒரு பொம்பள நின்னுச்சு. தூரத்துல யாருன்னு சரியாத் தெரியல."

"நான்தான். தெரிஞ்சுதான் மொகத்தத் திருப்புனீக."

அவருக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

"மாமா, டீ," என்று குரல் கேட்டது. ஜெஸ்லின் தட்டோடு நின்றாள். ஸ்டூல் கிறீச்சிட, சுருளிராஜன் பாதி எழுந்து கையை நீட்டிவிட்டார். அவள் அவரைத் தாண்டிப் போய், அண்டாவுக்குச் சாக்கு சுற்றுகிறவரிடம் குனிந்தாள். வயசாளி டம்ளரை எடுக்காமல், "மொதல்ல சாருக்குக் குடு தாயி," என்றார்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பக்கத்திலிருந்த ஒரு கரண்டியை எடுத்து, கனம் பார்ப்பவர் போல அசைத்துவிட்டு வைத்தார்.

"ஜோதி. நேராவே கேக்குறேன். கல்யாணத்துல மாலை நான் போடலாமா?"

கிறிஸ்டோபர் வெயிலைப் பற்றி ஏதோ தொடங்கினார். ஜோதி கையமர்த்தினாள்.

"போட வேணாம்," என்றாள். "இவ சமஞ்சப்ப வாடகை வீட்டு ஓனரு, கடைக்குப் பின்னாடி குடிசை கட்டிக்கன்னாரு. கட்டுறதுக்குத்தான் ஆளு இல்ல. இந்தா உக்காந்துருக்காகளே மொக்கைச்சாமியண்ணே, சைக்கிள்ல தென்ன ஓலை கொண்டாந்து இவுகளே கட்டுனாக. யாரும் சொல்லல. மாலையையும் இவுகதான் போடுவாக. ஆளு இல்லாத மொறைக்கு வேற ஆளு வந்துருவாகன்னு உங்க நோட்ஸ்லயே இருக்காமே, பாப்பா வாசிச்சுக் காட்டுனா." பூண்டுப் பையை எடுத்து முடிச்சைப் பிரித்தாள். "கல்யாணத்துக்கு வாங்க. வந்து சாப்புட்டுப் போங்க. ஆனா அந்த எடத்துல ஆள் இருக்குண்ணே."