நாகேந்திரத்தின் ஒருவேளைச் சந்தை

1

நாகேந்திரம் ஓடுகிறார். வெள்ளவத்தையில் காலி நகருக்குப் போகும் வீதி, காலை நேரம், ஒரு கையில் மீன் பை, மறு கையில் அவிழப் பார்க்கும் இடுப்புச் சாரம். முதுகுக்குப் பின்னால் இப்போதுதான் ஏதோ வெடித்தது. யுத்த காலக் கொழும்பில் வெடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிர்த்திசையில் ஓடுவதுதான் வழக்கம். ஆனால் இவர் ஓடுவது உயிருக்காக அல்ல, தொலைபேசிக்காக.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "பங்குச் சந்தை என்பது மனித மனத்தின்..." வேண்டாம். முதல் வரியில் யாராவது ஓடாவிட்டால் நீங்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவீர்கள்.)

2

கதை என் சொந்தச் சரக்கல்ல, ஒப்புக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடையொன்றில் பங்குத் தரகர் தாஸிம் சொன்னது. நாகேந்திரம் அவருடைய வாடிக்கையாளர்; ஓய்வுபெற்ற கணக்காளர். அதே வீதியோரத்தில் குடியிருக்கும் மாடி வீட்டை வாங்கு, இல்லையேல் காலிசெய் என்று சொந்தக்காரர் கெடு வைத்திருந்தார். அதற்கான பணம் முழுவதும் ஒரு தேயிலைக் கம்பனியின் பங்குகளில் இருந்தது.

அவரிடம் ஒரு கொள்கையும் இருந்தது. சந்தை நாள் முழுக்கத் திறந்திருக்கக் கூடாது. மாலையில் ஒரே தடவை மணியடித்து, வாங்குவோரையும் விற்போரையும் கூட்டி, ஒரே விலையில் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குள் வதந்திகள் களைத்துப் படுத்துவிடுமாம். தாஸிம் இதை ஏற்கவில்லை.

"ஒருக்கா தான் எண்டா, மத்த நேரத்துல பயத்த எங்க வெக்கிற, சேர்?"

(இந்த இடத்தில் இரு தரப்பையும் சீர்தூக்கி நீண்ட பத்தி ஒன்று எழுதி, அடித்துவிட்டேன். மனிதர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.)

3

தொலைபேசிக் கடைக்குள் பாய்ந்து தாஸிமை அழைத்தார். பாதியை விற்கச் சொன்னார். தாஸிம் விற்றார். அதைக் கண்ட மற்றத் தரகர்கள், எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று தாங்களும் விற்றார்கள். விலை சரிந்தது. நாகேந்திரம் மறுபடி அழைத்து விலை கேட்டார். சரிந்துவிட்டதென்று அறிந்ததும், வெடித்தது குண்டுதான் என்பது அவருக்கு உறுதியாயிற்று.

"பாத்தீரோ? நான் சொன்னனான். மிச்சத்தையும் தள்ளும்."

தன் பயமே சந்தையைச் சுற்றி வந்து தனக்குச் சாட்சி சொல்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை.

வெடித்தது பஸ் டயர். அதை மாற்றி பஸ் கோட்டைக்குப் போய்ச் சேருமுன் விலை பழையபடி ஏறிவிட்டது. விற்ற காசு வீட்டுக்குப் போதவில்லை. மாலைச் சந்தையாக இருந்திருந்தால் வீடு தப்பியிருக்கும். மாலைவரை பொறுத்திருக்கலாம்தான், யாரும் தடுக்கவில்லை. கொள்கைக்காரரால் முடியவில்லை.

4

விலை சரியும்போது யாரோ ஒருவர் அவருடைய பங்குகள் முழுவதையும் அள்ளியிருக்கிறார். யார்? வாடிக்கையாளர் இரகசியம் என்று தாஸிம் வாயை மூடிக்கொண்டார். ஆகவே நானே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒரு வெளிநாட்டுக் கோடீஸ்வரர், ஹோட்டல் அறையில்... (சலிப்பு.)

தாஸிமேதான்! (வழக்குப் போடுவார்.)

நாகேந்திரம் மீன் பையோடு கடலைப் பார்த்தபடி நின்று— (மீன் கெட்டுவிடும்.)

5

கடைசியில் பிரதியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். பெயரைப் போட அனுமதி வேண்டுமல்லவா? வாடகை அறை தேடி அவர் பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருந்தார். ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லையாம். மனைவி பாலேஸ்வரி நின்றபடியே வாசித்தார். சாரம் அவிழப் பார்த்த இடத்தில் சிரித்தார். டயர் வந்த வரியில் நிறுத்தி, கொண்டக்டர் அதை உதைத்துக்கொண்டு நின்றது பல்கனியிலிருந்து நன்றாகத் தெரிந்தது என்றார். பிறகு தாள்களை ஒழுங்காக மடித்துக் கொடுத்தார்.

"எல்லாம் சரி, தம்பி. தாஸிமுக்குப் போன் போட்டு, என்ர சீட்டுக் காசில அந்தப் பங்குகளை வாங்கினது நான்தான் எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ. முதல்ல வீட்டை என்ர பேருக்கு எழுதி முடியட்டும்."

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கதை அச்சேறிவிட்டது. வீடு எழுதியாயிற்றா, இல்லை நான் வாக்குத் தவறிவிட்டேனா? அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.