ஆவுடைநாயகம் அடித்த கோல்

பொருநை வாலிபர் கால்பந்துக் கழகத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பொன்விழா மலருக்காக எழுதச் சொல்லி தளவாயிடம் கொடுத்தார்கள். அவருடைய எழுத்துத் திறமையைப் பார்த்தெல்லாம் இல்லை. பழைய ஆட்டக்காரர்களில் ஞாபகசக்தியோடு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேறு. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

தளவாய்க்கு அந்தக் கழகத்தின் மேல் பொட்டு மரியாதை கிடையாது. என்ன பெரிய கழகம்! ஏரலுக்கு மேற்கே எள்ளுகூட முளைக்காத ஒரு களர் நிலத்தை ஆவுடைநாயகத்தின் அப்பா ஆடுவதற்கு விட்டுக்கொடுத்தார். உடனே அவர் நிறுவனர். உள்ளூர் ஆட்கள் எட்டொன்பது பேர், மீதிக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்த வெளியூர்க்காரர்கள். ஐம்பது வருஷத்தில் ஜெயித்த பெரிய கோப்பை ஒன்றே ஒன்று. அதுவும் 1988இல், காயல்பட்டினத்தில், ஒற்றைக் கோலில்.

அந்தக் கோல் ஆவுடைநாயகத்தின் பெயரில் இருக்கிறது. அந்த மனுஷன் ஆட்டத்தில் பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. நிறுவனரின் மகன் என்பதால் பட்டியலில் பெயர் இருக்கும். ஆள் வெளியே உட்கார்ந்து இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருப்பார். வெளியாட்கள் இரண்டு பேருக்கு மேல் ஆடக் கூடாது என்பது விதி. மூன்றாவது ஆள் வந்துவிட்டால், சும்மா உட்கார்ந்திருப்பவன் பெயரை அவனுக்கு மாட்டி இறக்கிவிடுவார்கள். எல்லா அணியிலும் நடந்ததுதான். உவரிக்காரன் சுவிசேஷமுத்து அன்றைக்கு ஆவுடைநாயகமாக இறங்கினான், கோலும் அடித்தான். சான்றிதழ் மட்டும் நிஜ ஆவுடைநாயகத்துக்குப் போனது. அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வாங்கி, அதிகாரியாகி, ஓய்வும் பெற்று, இப்போது கழகத் தலைவராகக் கழுத்தில் துண்டோடு திரிகிறார். சுவிசேஷமுத்து மறுநாளே கடலுக்குப் போனான். இன்றைக்கும் போகிறான்.

தளவாய் உள்ளது உள்ளபடி எழுதினார். எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுதிய சூட்டோடு உவரிக்குப் போன் போட்டு, “உன் பேரு புஸ்தகத்துல வருதுலே, வீட்டுக்காரியையும் கூட்டிட்டு விழாவுக்கு வா” என்று சொல்லியும் விட்டார்.

மூன்றாம் நாள் ஆவுடைநாயகம் வீட்டுக்கு வரச் சொன்னார். எழுதிய தாள்கள் அவர் மடியில் இருந்தன.

“என்னவே எழுதியிருக்கீரு? நான் அடிச்ச கோலை அந்தப் பய அடிச்சான்னு இருக்கு?”

தளவாய்க்குச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சொல்லி ஆள் நிஜமாகவே நம்பிவிட்டார் போல. “அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு எலுமிச்சம்பழம்லா நறுக்கிக்கிட்டு இருந்தீங்க.”

ஆவுடைநாயகம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரிவே, நான் ஆடலைன்னே வச்சுக்கிடுவோம். அப்போ கள்ளப் பேருல ஆளை இறக்கி ஜெயிச்ச கப்புதானே அது? பட்டியல்ல கையெழுத்துப் போட்ட கேப்டன் யாரு? நீரு. அந்தக் கப்பு சர்டிபிகேட்டை வச்சுத்தானே நீரும் வாத்தியார் வேலைக்குப் போனீரு? என் பென்ஷனைப் பிடுங்க வாரவன் உம்மள மட்டும் கும்பிட்டுட்டுப் போவானா?”

முப்பத்தேழு வருஷமாக இந்த ஆளை நினைத்து நினைத்துக் காறித் துப்பியிருக்கிறார் தளவாய். தன் சான்றிதழும் அதே கோலில் பிறந்தது என்று ஒரு நாள்கூட அவர் யோசித்ததில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வர வேண்டாம் என்று சுவிசேஷமுத்துவிடம் சொல்ல நாலு தடவை போனை எடுத்தார். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நாலு தடவையும் வைத்துவிட்டார்.

விழா அன்று கல்யாண மண்டபத்தில் சுவிசேஷமுத்து மனைவியோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. மலரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்ற தளவாயைப் பார்த்துச் சிரித்தான்.

“கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன் கேப்டன். இவ வாசிப்பா.”

அவள் பக்கத்தைத் தேடிப்பிடித்து, விரல் வைத்துச் சத்தமாகவே வாசித்தாள். “ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. வலது மூலையிலிருந்து வந்த பந்தை ஆவுடைநாயகம் நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்தார். கோல்கீப்பர் கையைத் தூக்கவே இல்லை.” நிறுத்தினாள். “ஒங்க பேரு இங்கன இல்லையே?”

“இரு, முழுசா வாசி” என்றான் அவன்.

அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க கேப்டன். நெஞ்சுல வாங்குனது, இடது காலு, அவன் கையைத் தூக்காதது. கிட்ட நின்னு பாத்தவருல்லா.”

குரலில் குத்தல் இல்லை. திட்டியிருந்தால் தளவாய் தாங்கியிருப்பார்.

ஒலிபெருக்கியில் வரலாற்றாசிரியரை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி ஆவுடைநாயகம் நின்றிருந்தார். அவர் குள்ளம். தளவாய் மேடையேறிப் போய், அவருக்கு எட்டும்படி தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தார்.